ஊர்ப் பள்ளிக்கு வரும் பணம்: எந்த வழியில் வருகிறது, யாரிடம் கணக்குக் கேட்பது?

கேள்வியின் சுருக்கம் இது: ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, 85 பிள்ளைகள். கேட்டவர் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் புதிதாக வந்த ஒரு தாய். வகுப்பறைக் கூரை ஒழுகுகிறது. கேட்டால் "நிதி வரவில்லை" என்கிறார்கள். தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து மட்டும் கேட்கிறார்கள். பள்ளிக்கு அரசு எவ்வளவு தருகிறது, அதை யார் கண்காணிக்க வேண்டும்?

"பள்ளிக்கு வரும் நிதி" என்று ஒரே நிதி கிடையாது. நான்கைந்து வாய்க்கால்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மடை வேறு, மடையைத் திறப்பவர் வேறு. கூரைக்கான பணத்தைத் தலைமையாசிரியரிடம் கேட்டால் அவரிடம் அது இருக்காது. முட்டை ஏன் போடவில்லை என்று வட்டாரக் கல்வி அலுவலரிடம் கேட்டால் அது அவர் துறையே இல்லை. கேட்கிற கேள்வி சரியாக இருந்தும் கேட்ட இடம் தவறாகிப்போவதால்தான் பாதிப் புகார்கள் காற்றில் போகின்றன.

முதல் வாய்க்கால் சம்பளம். பெரும் பணம் போவது இதில்தான். தமிழ்நாடு அரசு 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் பள்ளிக்கல்வித் துறைக்கு ஒதுக்கியது 46,767 கோடி ரூபாய். அதன் பெரும்பகுதி ஆசிரியர், பணியாளர் சம்பளமாகக் கருவூலம் வழியாக நேரே அவரவர் வங்கிக் கணக்குக்குப் போய்விடும். புதிதாகச் சேரும் இடைநிலை ஆசிரியரின் அடிப்படைச் சம்பளம் 20,600 ரூபாய். அகவிலைப்படியும் சேர்ந்தால் ஒருவருக்கு ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தைத் தாண்டும். சாக்பீஸ் செலவைத் துருவிப் பார்க்கும் குழுக்கள் இந்தப் பெரிய தொகையைப் பார்ப்பதே இல்லை. ஒரு பள்ளிக்கு அரசு செய்யும் முதலீட்டில் முக்கால்வாசிக்கு மேல் ஆசிரியர் வகுப்பில் நிற்கும் நேரம்தான். எனவே கண்காணிப்பும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அதற்கு இரண்டு எண்கள் போதும்: அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, இன்று வகுப்பில் நிற்பவர் எத்தனை பேர். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 1 முதல் 5 வகுப்பு வரை 60 பிள்ளைகளுக்கு 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4, 121 முதல் 200 வரை 5. உங்கள் 85-க்கு 3 பேர் வர வேண்டும். தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1-ஆம் தேதி எண்ணிக்கையை வைத்துப் பணியாளர் நிர்ணயம் செய்கிறார்கள். அதில் உங்கள் பள்ளிக்கு மூன்று பணியிடம் இருந்து, ஆள் இரண்டுதான் என்றால் காரணம் இரண்டில் ஒன்று: இடம் காலி, அல்லது அந்த மூன்றாமவர் மாற்றுப்பணியில் வேறொரு பள்ளியிலோ அலுவலகத்திலோ இருக்கிறார். இரண்டாவது வகைதான் கண்ணில் படாதது. பதிவேட்டில் அவர் உங்கள் பள்ளி. சம்பளமும் உங்கள் பள்ளிக் கணக்கில். பாடம் மட்டும் இல்லை. காலிப் பணியிடம் மொத்தத்தில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று சட்டத்தின் 26-ஆம் பிரிவும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு கல்விசாராப் பணிக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்று 27-ஆம் பிரிவும் சொல்கின்றன. "மாற்றுப்பணி ஆணையின் நகல், அது முடியும் தேதி" என்று இரண்டைக் கேட்டு மேலாண்மைக் குழுத் தீர்மானமாக வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள். பொதுவாக "ஆசிரியர் வேண்டும்" என்று எழுதும் மனுவுக்கும் இதற்கும் வரும் பதிலில் நிறைய வேறுபாடு இருக்கும்.

இரண்டாவது வாய்க்கால், பள்ளியின் கைக்கே வரும் மானியம். குழு கையெழுத்துப் போடுவது இதற்குத்தான். 2018-19-இல் பழைய அனைவருக்கும் கல்வி இயக்கத்தையும் இடைநிலைக் கல்வி இயக்கத்தையும் ஆசிரியர் கல்வித் திட்டத்தையும் ஒன்றாக்கி சமக்ர சிக்ஷா என்று பெயரிட்டார்கள். தமிழ்நாட்டில் பலரும் இன்னும் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் சுருக்கப் பெயரான எஸ்.எஸ்.ஏ. என்றே சொல்கிறார்கள். இதில் ஒன்றிய அரசின் பங்கு 60, மாநிலத்தின் பங்கு 40. இத்திட்டத்தின் ஒருங்கிணைந்த பள்ளி மானியம் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது: 30 பேர் வரை 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். உங்கள் பள்ளிக்கு 25,000. சட்டம் சொல்லும் குறைந்தபட்ச வேலைநாள் 200 என்று வைத்தால் நாளொன்றுக்கு 125 ரூபாய். இதில் குறைந்தது 10 விழுக்காடு, அதாவது 2,500, தூய்மைப் பணிக்கு ஒதுக்க வேண்டும். மீதியில் சாக்பீஸ், பதிவேடு, மின்கட்டணம், குடிநீர், உடைந்த நாற்காலி, சிறு பழுது எல்லாம். இது தவிர தொடக்கப் பள்ளிக்கு விளையாட்டுக்கு 5,000, நூலகத்துக்கு அதிகபட்சம் 5,000 என்று தனித்தனியாக வரும். ஒன்றை மற்றொன்றுக்குச் செலவிட முடியாது. பந்து வாங்க வந்த பணத்தில் குழாய் மாற்றினால் தணிக்கையில் ஆட்சேபணை எழும்.

அந்த எண்ணிக்கைப் படிகளை இன்னொரு முறை பாருங்கள். 100 பேருக்கு 25,000, 101 பேருக்கு 50,000. ஒரே ஒரு பெயர் மானியத்தை இரட்டிப்பாக்குகிறது. ஆசிரியர் பணியிடமும் இதே எண்ணிக்கையில்தான் நிற்கிறது. வேறு பள்ளிக்குப் போய்விட்ட பிள்ளையின் பெயர் நீக்கப்படாமல் இருப்பதற்குச் சோம்பல் மட்டும் காரணம் இல்லை. பள்ளிக்கல்வித் துறையின் தகவல் தளமான எமிஸில் பிள்ளைக்குப் பிள்ளை தனி எண் வந்தபின் இது குறைந்திருக்கிறது. ஆனாலும் வகுப்பில் தலையை எண்ணி, பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. செப்டம்பர் 30-ஆம் தேதி எண்ணிக்கைதான் நாடு முழுக்கப் பள்ளிகளின் விவரம் திரட்டும் யுடைஸ் கணக்கில் ஏறுகிறது. அதை வைத்தே அடுத்த ஆண்டுக்கான மானியம் திட்டமிடப்படுகிறது. ஆகவே எண்ணுவதானால் செப்டம்பரில் எண்ணுங்கள்.

"நிதி வரவில்லை" என்ற பதில் பல சமயம் உண்மைதான். இந்த மானியம் ஜூனில் வருவது அரிது. தவணை தவணையாக, ஆண்டின் பிற்பாதியில் வரும். மேலே சண்டை வந்தால் வராமலே போகும். ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம்.ஸ்ரீ பள்ளிகளுக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததால் 2024-25-க்கான சமக்ர சிக்ஷா பங்கான ஏறத்தாழ 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. வட்டியோடு சேர்த்து 2,291 கோடி கேட்டு மாநில அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. மேலே அந்த மடை அடைபட்டால் கீழே பகுதிநேரப் பயிற்றுநர் சம்பளம் முதல் சாக்பீஸ் வரை நெருக்கடி வரும். தலைமையாசிரியர் தன் கைக்காசைப் போட்டு விளக்குமாறு வாங்கும் பள்ளிகளும் உண்டு. சந்தேகப்படும் முன் "இந்த ஆண்டு எந்தத் தேதியில், எந்தத் தலைப்பில், எவ்வளவு ஒதுக்கீடு" என்று கேளுங்கள். ஒதுக்கீட்டுக் கடிதம் வட்டார வள மையத்திலிருந்து வந்திருந்தால் நகல் பள்ளியில் இருக்கும். வரவில்லை என்றால் அந்தப் பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.

2021-க்குப் பிறகு இந்தப் பணம் நகரும் விதமே மாறிவிட்டது. முன்பு பள்ளியின் சேமிப்புக் கணக்கில் பணம் வந்து கிடக்கும், வட்டியும் சேரும். இப்போது மாநில அளவில் ஒரே கணக்கு. பள்ளியின் கணக்கில் இருப்பு எப்போதும் பூஜ்யம். செலவிட உரிய வரம்பு மட்டும் காட்டப்படும். பள்ளி ஆணையிட்டால் மேலே உள்ள கணக்கிலிருந்து நேரே கடைக்காரர் கணக்குக்குப் பணம் போகும். மார்ச் 31-க்குள் பயன்படுத்தாத வரம்பு காலாவதியாகிவிடும். இதன் நல்ல பக்கம், ரொக்கமாக எடுத்துச் செலவு செய்தோம் என்று சொல்ல வழி குறைந்தது. கெட்ட பக்கம், பிப்ரவரியில் வரம்பு வந்து, மார்ச்சுக்குள் எதையாவது வாங்கித் தீர்க்க வேண்டிய அவசரம். தவறுகள் பெரும்பாலும் அந்த ஆறு வாரத்தில்தான் நடக்கின்றன.

இந்த அவசரத்தில் மாட்டாமல் இருக்க வழி, தேவைப் பட்டியலையும் தீர்மானத்தையும் முன்கூட்டியே முடித்து வைப்பது. சட்டத்தின் 22-ஆம் பிரிவு பள்ளி வளர்ச்சித் திட்டம் என்று ஒன்றைத் தயாரிக்கும் வேலையை மேலாண்மைக் குழுவுக்குத்தான் தருகிறது. பெரும்பாலான பள்ளிகளில் அது போன ஆண்டின் தாளில் ஆண்டை மட்டும் மாற்றியது. நீங்கள் ஜூலையில் பள்ளியைச் சுற்றி நடந்து, எது பழுது, எத்தனை, உத்தேச விலை என்ன என்று எழுதி, முன்னுரிமை வரிசை போட்டுத் தீர்மானம் நிறைவேற்றி வையுங்கள். "கழிப்பறைப் பழுது" என்று எழுதாதீர்கள்; "மாணவியர் கழிப்பறை, 2 கதவு, 3 குழாய், உத்தேசம் 6,500 ரூபாய்" என்று எழுதுங்கள். வரம்பு எந்த மாதம் வந்தாலும் அந்தப் பட்டியலின் முதல் வரியிலிருந்து செலவு தொடங்கும்.

செலவின் வரிசை இப்படி இருக்க வேண்டும். கூட்டத்தில் பொருளும் தொகையும் சொல்லித் தீர்மானம், விலை ஒப்பிட்டுப் பார்க்க மூன்று கடைகளின் விலைப்புள்ளி, வாங்குதல், பொருள் வந்ததும் இருப்புப் பதிவேட்டில் பதிவு, பிறகுதான் பணம். தலைமையாசிரியரும் குழுத் தலைவரும் சேர்ந்து ஒப்புதல் தர வேண்டும். அடுத்த கூட்டத்தில் அந்த ரசீது உறுப்பினர்களுக்குக் காட்டப்பட வேண்டும். நடைமுறையில் நடப்பது தலைகீழ்: முதலில் பொருள் வரும், பிறகு ரசீது, கடைசியாக பழைய தேதியிட்ட தீர்மானம். வெற்றுப் பக்கத்தில் வாங்கிய கையெழுத்துக்கு மேல் தீர்மானம் எழுதப்படும். எனவே ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: எழுதி முடித்த கடைசி வரிக்கு நேர் கீழே, இடைவெளி விடாமல், தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். படிக்கத் தடுமாறும் உறுப்பினர் இருந்தால் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். "நம்பிக்கை இல்லையா?" என்று கேட்பார்கள். தணிக்கை வந்தால் குழுத் தலைவரின் கையெழுத்துக்கும் பொறுப்பு உண்டு என்பது அதற்குப் போதுமான பதில்.

ரசீதுக் கோப்பைப் பார்க்கும்போது கணக்காளர் அறிவு தேவையில்லை. நான்கு கடை ரசீதுகளின் கையெழுத்து ஒன்றுபோல இருக்கிறதா? பிப்ரவரி ரசீதின் எண் 112, மார்ச் ரசீதின் எண் 113 என்று இருந்தால் அந்தக் கடைக்கு இடையில் வேறு வாடிக்கையாளரே வரவில்லையா? தொகை எல்லாம் 5,000, 10,000 என்று உருண்டையாக வருகிறதா? வண்ணம் பூசியதாக ரசீது இருந்தால் கூலி ரசீது எங்கே, சுவர் எங்கே? விளையாட்டுப் பொருள் வாங்கியதாக இருந்தால் இருப்புப் பதிவேட்டில் எந்தப் பக்கம், பொருள் எந்த பீரோவில்? பூட்டிய பீரோவில் உறை பிரிக்காத கேரம் போர்டு இருப்பதும் ஒரு வகை இழப்புதான். ஆனால் அது திருட்டு இல்லை, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று, "மேலிடத்தில் இந்தக் கடையில்தான் வாங்கச் சொன்னார்கள்" என்ற வாய்மொழி உத்தரவு. வாங்குவது பள்ளி, கையெழுத்துப் பள்ளியுடையது, மாட்டிக்கொள்வதும் பள்ளிதான். சுற்றறிக்கை எண்ணும் தேதியும் இல்லாமல் அப்படி வாங்கக் கூடாது. "சுற்றறிக்கை கோரப்பட்டது" என்று கூட்டக் குறிப்பில் ஒரு வரி எழுதினாலே அந்த உத்தரவுகள் பெரும்பாலும் மறைந்துவிடும். நேர்மையான தலைமையாசிரியருக்கு இந்த வரி ஒரு கவசம். அவரால் தனியாக மறுக்க முடியாததைக் குழுவின் பெயரால் மறுக்கலாம்.

இனி உங்கள் கூரை. 25,000 ரூபாயில் ஓடு நான்கு மாற்றலாம். கூரை மாற்ற முடியாது. ஊராட்சி ஒன்றியப் பள்ளிக் கட்டடத்தின் பராமரிப்பு ஊரக வளர்ச்சித் துறையின் பக்கம். அதாவது வட்டார வளர்ச்சி அலுவலரும் ஒன்றியப் பொறியாளரும். அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி என்றால் பொதுப்பணித் துறை. ஒரே வளாகத்தில் இரண்டும் இருந்தால் எந்தக் கட்டடம் யாருடையது என்பதிலேயே ஆண்டுகள் ஓடும். முதல் வேலை, குழுத் தீர்மானத்தோடும் தேதியிட்ட புகைப்படத்தோடும் பொறியாளர் ஆய்வு கோரி மனு. அவர் வந்து பார்த்து "பழுது நீக்கத் தக்கது, மதிப்பீடு இவ்வளவு" என்றோ "இடிக்கத் தக்கது" என்றோ எழுத்தில் தர வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் எந்த நிதியும் நகராது. இடிக்கத் தக்கது என்று எழுதியபின் அந்த அறையில் ஒரு நாள்கூடப் பிள்ளைகளை உட்கார வைக்கக் கூடாது. பூட்டிச் சாவியைத் தலைமையாசிரியர் வைத்துக்கொள்ள வேண்டும். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகுதான் பழைய கட்டடங்களை மாநிலம் முழுக்கக் கணக்கெடுத்து இடிக்கத் தொடங்கினார்கள்.

மதிப்பீடு கையில் வந்தபின் பணம் தேடும் இடங்கள்: புதிய வகுப்பறைக்குப் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம், சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி, நாடாளுமன்ற உறுப்பினர் நிதி, மக்கள் மூன்றில் ஒரு பங்கு போடும் நமக்கு நாமே திட்டம், 2022 டிசம்பரில் தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளித் திட்டம். கடைசியாகச் சொன்னதில் நிறுவனங்களும் முன்னாள் மாணவர்களும் இணையதளம் வழியாகவே தரலாம். ஊர்ப் பெரியவர் யாரேனும் கையில் பணமாகத் தர முன்வந்தால் வாங்காதீர்கள். தளத்தின் வழியாகவோ, பொருளாகவோ தரச் சொல்லி இருப்புப் பதிவேட்டில் ஏற்றுங்கள். நன்கொடைப் பணம் அரசுத் தணிக்கையின் கண்ணுக்கு எளிதில் தப்பிவிடும், தகராறும் அதில்தான் அதிகம்.

கூரை விஷயத்தைக் கிராம சபையிலும் வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள். கிராம சபைத் தீர்மானம் ஒன்றிய அலுவலகத்துக்குப் போகும். தீர்மான எண்ணோடு பின்தொடர்ந்தால் மனுவுக்கு ஒரு எடை வரும். மேலாண்மைக் குழுவிலேயே உள்ளாட்சிப் பிரதிநிதிகளும் இருப்பார்கள். வேலை வாங்க வேண்டியது அவர்களிடம்தான்.

சோறு தனி வாய்க்கால். மதிய சத்துணவு சமூக நலத் துறையுடையது. அமைப்பாளர், சமையலர், உதவியாளர் எல்லாம் தலைமையாசிரியரின் ஊழியர்கள் அல்லர். ஒன்றிய அளவில் வட்டார வளர்ச்சி அலுவலகத்தில்தான் அதற்கான பிரிவு இருக்கிறது. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கியது. கிராமங்களில் மகளிர் சுயஉதவிக் குழுவினர் சமைக்கிறார்கள். இரண்டிலும் பார்க்க வேண்டியது ஒன்றே: அன்று சாப்பிட்டவர் எண்ணிக்கையும் பதிவேட்டில் எழுதிய எண்ணிக்கையும் ஒன்றா.

கண்காணிப்பில் உங்கள் குழுவின் இடம் என்ன என்றும் கேட்டிருக்கிறீர்கள். சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். 2022-இல் தமிழ்நாடு முழுக்க மறுசீரமைத்தபோது 20 பேர் குழுவில் 15 பேர் பெற்றோர். மானியம் செலவாவதைக் கண்காணிப்பது சட்டமே எழுதித் தந்த வேலை. ஆகவே கணக்கைக் காட்டுங்கள் என்பது சலுகை கேட்பது ஆகாது. ஆனால் அரசு உதவிபெறும் பள்ளிகளில் 2012 திருத்தத்துக்குப் பின் இந்தக் குழு ஆலோசனை மட்டுமே சொல்ல முடியும்; நிர்வாகம் பள்ளிச் செயலரிடம். அங்கே ஆசிரியர் சம்பளம் அரசுப் பணம் என்பதால் கேள்வி கேட்கும் வழி மாவட்டக் கல்வி அலுவலகம். உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இந்தக் குழு விதி பொருந்தாது. பெற்றோர் ஆசிரியர் கழகம் வேறு அமைப்பு, வேறு கணக்கு. இரண்டின் பணத்தையும் ஒரே நோட்டில் எழுதும் பள்ளியில் எதையும் கண்டுபிடிக்க முடியாது. முதல் கூட்டத்திலேயே பிரிக்கச் சொல்லுங்கள்.

பேசியும் கணக்குக் கிடைக்கவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில், இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையம். "ஏன் செலவு செய்யவில்லை" என்று கேட்டால் பதில் வராது. அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: இன்ன நிதியாண்டின் ஒதுக்கீட்டுக் கடிதம், ரசீதுகள், பணம் எதற்குச் செலவானது என்று பள்ளி எழுதித் தரும் பயன்பாட்டுச் சான்றிதழ், தீர்மானப் பதிவேட்டின் இன்ன மாதப் பக்கங்கள். பயன்பாட்டுச் சான்றிதழில் உள்ள தொகையையும் ரசீதுகளின் கூட்டலையும் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு தானே தெரியும். நகல் கேட்பதைவிட நேரில் கோப்பைப் பார்வையிடக் கேட்பது மலிவு. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமும் இல்லை.

பிள்ளையின் உரிமை நேரடியாகப் பாதிக்கப்படும் விஷயங்களுக்கு, அதாவது ஆசிரியர் இல்லை, கழிப்பறை இல்லை, கட்டணம் கேட்கிறார்கள் என்பவற்றுக்கு, கல்வி உரிமைச் சட்டத்தின் 32-ஆம் பிரிவில் எழுத்துப்பூர்வப் புகார் தரலாம். மூன்று மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். அதில் குறை இருந்தால் மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு. தொலைபேசியில் சொல்ல பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417 இருக்கிறது. சொன்னபின் தரும் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நிலையில் அடுத்த கூட்டத்தில் கேட்க மூன்று தாள்கள் போதும்: இந்த ஆண்டு ஒதுக்கீட்டுக் கடிதம், போன ஆண்டு ரசீதுக் கோப்பு, கட்டடம் பற்றிப் பொறியாளர் கடைசியாகத் தந்த அறிக்கை. மூன்றாவது தாள் இல்லை என்று சொன்னால், கூரைக்கு இதுவரை யாரும் முறையாக மனுவே போடவில்லை என்று அர்த்தம். அன்றே தீர்மானம் எழுதி ஒன்றிய அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.